பூனை நகத்திலிருந்தும் ரோஜா முள்ளிலிருந்தும் வரும் பூஞ்சைத் தொற்று: ஆறாத கட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் பூனை இல்லாத தெருவைக் காண்பது அரிது. செந்தூல் அடுக்குமாடிகளின் படிக்கட்டுக்கடியில், பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளின் பின்புறத்தில், சௌக்கிட் சந்தையின் மீன் பெட்டிகளுக்கு நடுவில் என எங்கும் அவை குடியிருக்கின்றன. அவற்றுக்குச் சோறு வைக்க எல்லா இனத்தவரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகளாக அவர்களில் ஒருத்தி. அந்தப் பழக்கத்தில்தான் ‘ஸ்போரோ’ என்ற பெயர் என் காதில் விழுந்தது. பூனை வளர்ப்பவர்களும் தெருப்பூனைகளை மீட்பவர்களும் அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். முழுப்பெயர் ஸ்போரோட்ரிகோசிஸ். மண்ணிலும் செடிகொடிகளிலும் வாழும் ஒரு பூஞ்சை, கீறல் வழியாகத் தோலுக்குள் புகுந்து உண்டாக்கும் தொற்று அது.

இந்த நோய் குணமாகக்கூடியது. மருந்து இங்கேயே கிடைக்கிறது. இருந்தும் சிலர் மாதக்கணக்கில் பயனற்ற களிம்பைத் தடவிக்கொண்டு ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்கு அலைகிறார்கள். வீட்டில் பூனை இருக்கிறது, தோட்ட வேலை செய்கிறேன் என்று நோயாளி சொல்வதில்லை. கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் மருத்துவருக்கும் அதைக் கேட்க நேரம் இருப்பதில்லை. அந்த ஒரு தகவல் வாய்விட்டுச் சொல்லப்பட்டிருந்தால் பலருடைய அலைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும்.

இந்தப் பூஞ்சை எப்படி வாழ்கிறது

1898ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெஞ்சமின் ஷெங்க் என்ற மருத்துவ மாணவர் இதை முதன்முதலாக விவரித்தார். அதனால்தான் இதற்கு ஸ்போரோத்ரிக்ஸ் ஷெங்கியை என்று பெயர். இது இரண்டு உருவம் எடுக்கும். வெளியே 25 பாகை செல்சியஸ் அளவில், ஈர மண்ணிலும் மக்கிய இலையிலும் பாசியிலும் மரப்பட்டையிலும் நூல் நூலாக வளரும். மனித உடலின் 37 பாகை வெப்பத்துக்கு வந்ததும் ஈஸ்ட்போலச் சிறு உருண்டைகளாக மாறிப் பெருகும். ஆரோக்கியமான, கீறல் படாத தோலைத் துளைத்து உள்ளே நுழைய இதனால் முடியாது. முள், சிராய், நகம், பல் என ஏதாவது ஒன்று அதற்கு வழி திறந்துவிட வேண்டும்.

1940களில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்தது. சுரங்கத்தைத் தாங்கி நின்ற மரத் தூண்களில் பூஞ்சை வளர்ந்திருந்தது. அவற்றில் உரசிய கைகளிலும் கால்களிலும் கட்டிகள் எழுந்தன. மரத்துக்குப் பூஞ்சைக்கொல்லி பூசியபின் நோய் அடங்கியது. 1988இல் அமெரிக்காவில் மரக்கன்றுகளைச் சுற்றிக் கட்டிய ஸ்பாக்னம் பாசியிலிருந்து 84 பேருக்குத் தொற்றியது. மாடி முகப்பில் ஆர்கிட் வளர்ப்பவர்கள் தொட்டியில் நிரப்புவதும் அதே வகைப் பாசிதான்.

மலேசியாவில் நிலைமை சற்று வேறு. இங்கே மருத்துவர்கள் பதிவு செய்த நோயாளிகளில் பெரும்பாலோர் பூனையுடன் பழகியவர்கள். பூனை மண்ணைத் தோண்டுகிறது, மரத்தில் நகத்தைத் தீட்டுகிறது, மற்றப் பூனையோடு சண்டையிட்டுக் கடிபடுகிறது. அப்படித் தொற்றிய பூனையின் புண்ணில் பூஞ்சை மிகமிக அதிக எண்ணிக்கையில் இருக்கும். ஒரு முள்ளில் இருப்பதைவிட அதன் நகத்தில் ஒட்டியிருப்பது பல மடங்கு. பிரேசிலில் பூனைகள் வழியே பெரும் அலையாகப் பரவியது ஸ்போரோத்ரிக்ஸ் பிரேசிலியென்சிஸ் என்ற இன்னும் மூர்க்கமான வேறொரு வகை. நம் நாட்டுப் பூனைகளிடம் காணப்படுவது ஷெங்கியை வகை.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை என்றே கொள்ளலாம். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் தட்டு, தம்ளரைப் பிரித்து வைப்பதும் பிள்ளையைத் தூக்க விடாமல் தடுப்பதும் வீண் கொடுமை. காயத்தைத் துணியால் மூடி வைத்தால் போதும்.

முள் குத்தியதும், பூனை கீறியதும்

முதல் வேலை, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவது. ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் சுத்தமான இடுக்கியால் எடுத்துவிடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் ஊசியால் கிளறாமல் கிளினிக்குக்குப் போங்கள். பிறகு போவிடோன் அயோடின் தடவலாம். இப்படிக் கழுவுவது தொற்றை முற்றிலும் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் உள்ளே போகும் கிருமிகளின் அளவைக் குறைக்கும்.

பூனை கீறாமல் கடித்திருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனையின் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும். மேலே சிறு புள்ளி மட்டும் தெரியும், உள்ளே பாக்டீரியா சீழ் பிடிக்கும். அது வேறு நோய், அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

அடுத்து, கைபேசியில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தப் பூனை அல்லது எந்தச் செடி. கீறலை ஒரு படமும் எடுங்கள். இந்த நோய் உடனே தலைகாட்டாது. ஒரு வாரத்திலும் வரலாம், மூன்று மாதம் கழித்தும் வரலாம். கட்டி எழும்போது கீறியது மறந்தே போயிருக்கும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

கீறிய இடத்தில், பெரும்பாலும் விரலிலோ மணிக்கட்டிலோ முன்கையிலோ, ஒரு சிறு கட்டி தோன்றும். சிவப்பாக அல்லது ஊதா கலந்த நிறத்தில் இருக்கும்; நம் கறுத்த தோலில் அது வெறும் அடர் பழுப்பாகத் தெரியலாம், ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தொட்டால் கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து, வலித்திருந்தால் அப்போதே கிளினிக்குக்குப் போயிருப்போம். சில நாளில் கட்டி உடைந்து புண்ணாகும். புண் மூடாது, காய்ந்து மறுபடி கசியும்.

அதன்பிறகு வருவதுதான் முக்கியமான அடையாளம். முதல் கட்டிக்கு மேலே, முழங்கையை நோக்கி, ஒரே கோட்டில் வரிசையாகப் புதிய முடிச்சுகள் எழும். பூஞ்சை நிணநீர்க் குழாய் வழியே மேலேறிப் போவதன் தடம் அது. எல்லோருக்கும் இப்படி வரிசை வராது. சிலருக்கு ஒரே புண் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். குழந்தைகளுக்குப் பூனையை முகத்தோடு அணைக்கும் பழக்கம் உண்டு என்பதால் கன்னத்திலும் கண்ணிமையிலும் வரலாம். நோயுற்ற பூனை தும்மித் தெறித்த துளி கண்ணில் பட்டு, ஒரு கண் மட்டும் சிவந்து ஆறாமல் இருப்பதும் உண்டு.

என் கணக்கு எளியது: கையில் ஒரு கட்டி அல்லது புண், இரண்டு வாரம் ஆறவில்லை, ஆன்டிபயாட்டிக் முடித்தும் மாற்றமில்லை, பூனையோ தோட்டமோ உங்கள் வாழ்க்கையில் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படர்தாமரைக் களிம்பு இதற்குப் பயன்படாது. படர்தாமரை தோலின் மேற்பரப்பில் இருக்கும் பூஞ்சை. இது தோலுக்கு அடியில் இருப்பது, களிம்பு அங்கே போய்ச் சேராது. மருந்துக் கடையில் அரிப்புக்கு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இன்னும் மோசம். அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும். மஞ்சளும் வேப்பிலையும் கடல் அட்டையிலிருந்து எடுக்கும் காமாட் எண்ணெயும் நம் வீடுகளில் அன்போடு தடவப்படுபவை. பாட்டி கையால் தடவிய மஞ்சளை நான் பழிக்கவில்லை. ஆனால் இந்தப் பூஞ்சையை அவை கொல்வதில்லை, அவற்றைத் தடவிக் காத்திருக்கும் வாரங்களில் முடிச்சுகள் மேலேறிக்கொண்டிருக்கும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது

அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிலிருந்து தொடங்கலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையிலும், பினாங்குக்காரர்களுக்கு ஜார்ஜ்டவுன் பெரிய மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. தனியார் கிளினிக்குக்குப் போனாலும் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே பூனையைச் சொல்லிவிடுங்கள். “இத்தனை வாரத்துக்கு முன் பூனை கீறியது, அந்த இடம் ஆறவில்லை, இன்ன மருந்து சாப்பிட்டும் குறையவில்லை.” மலாய் மட்டும் பேசும் மருத்துவரானால், வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு சொற்றொடர் சொல்லிக்கொடுங்கள்: “கெனா சாக்கார் கூச்சிங்”, பூனை கீறிவிட்டது, “லூக்கா தாக் பாய்க்”, புண் ஆறவில்லை. எங்கள் மாடியில் ஓர் அக்கா, விரலில் வந்த கட்டிக்கு இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது முறை பூனையின் படத்தையே கைபேசியில் காட்டினார். அந்த மருத்துவர் அப்போதே கடிதம் எழுதினார்.

பூனையும் தோட்டமும் இல்லாதவர்கள், மீன் தொட்டி இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். மீன் தொட்டி நீரிலிருந்து வரும் ஒரு பாக்டீரியாவும் கையில் இதேபோல வரிசை முடிச்சுகளை எழுப்பும். தோல் காசநோயும் மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸும் புண்ணாகத் தோன்றலாம். மருந்துகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு. அதனால் ஊகத்தில் மருந்து தொடங்குவதைவிட முதலில் சோதனை செய்வது நல்லது.

சோதனை

தோலை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்திலிருந்து அரிசியளவு துணுக்கு எடுப்பார்கள். இதுதான் பயாப்சி. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு நுண்ணோக்கியில் பார்க்க. மற்றது உப்பு நீரில் போட்டுப் பூஞ்சையை வளர்த்துப் பார்க்க. முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், வளர்ப்புச் சோதனை செய்ய முடியாது. “பூஞ்சை கல்ச்சருக்கும் அனுப்புகிறீர்களா?” என்று பணிவாக ஒருமுறை கேட்டுவிடுங்கள். மனிதத் தோலில் பூஞ்சையின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் நுண்ணோக்கியில் பெரும்பாலும் அகப்படாது. நம்பத்தக்கது வளர்ப்புச் சோதனைதான். பெரும்பாலும் ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும், வெண்மையாகத் தொடங்கிக் கறுக்கும். ஆனால் 4 வாரம் வரை பார்த்த பிறகே ஆய்வகம் இல்லை என்று சொல்லும்.

மருந்து: பொறுமை தேவைப்படும் பகுதி

தோலோடு நிற்கும் தொற்றுக்கு முதல் மருந்து இட்ராகோனசோல். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளைக்கு 200 மில்லிகிராம். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து மருத்துவர் கணக்கிடுவார். எல்லாப் புண்ணும் ஆறியபின்னும் இன்னும் 2 முதல் 4 வாரம் சாப்பிட வேண்டும். மொத்தம் 3 முதல் 6 மாதம் ஆகும். முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம்; அதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆறியதுபோல் தெரிந்ததும் நிறுத்திவிடுவதும் அதேபோல் தவறு. உள்ளே மிச்சமிருக்கும் பூஞ்சை மறுபடி எழும், சிகிச்சை முதலிலிருந்து தொடங்கும்.

இந்த மாத்திரையைச் சாப்பிடும் முறையில் நிறைய இருக்கிறது. இது கேப்ஸ்யூலாக வந்தால் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். இரைப்பையில் அமிலம் இருந்தால்தான் இது உடலில் சேரும். நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோலோ ‘கேஸ்ட்ரிக்’ மருந்தோ சாப்பிடுபவர்களுக்கு மருந்தின் பெரும்பகுதி வீணாகும். அவற்றை நிறுத்தலாமா, நேரம் மாற்றலாமா என்று கேளுங்கள். சிலருக்குக் கோலா பானத்தோடு விழுங்கும்படி மருத்துவரே சொல்வதுண்டு, அதன் அமிலத்துக்காக. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

நம் சமூகத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்களில் இரத்த அழுத்தம், கொழுப்பு, இனிப்பு நீர் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏராளம். அவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினையும் லோவாஸ்டாட்டினையும் இட்ராகோனசோலுடன் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் உடலில் கூடிக் கால்களை வீங்கச் செய்யலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் பொருந்தாது. ஆகவே வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் வைத்துச் சொல்ல முயல வேண்டாம். சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, பசியே இல்லாமல் போவது, கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள்.

இட்ராகோனசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டெர்பினாஃபின் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரை உண்டு. பொட்டாசியம் அயோடைடு கரைசலும் உண்டு. சொட்டுச் சொட்டாக அளவைக் கூட்டிக் கொடுக்கும் பழைய, மலிவான மருந்து, சுவைதான் சகிக்காது, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரைகளைத் தவிர்ப்பார்கள். உடல் வெப்பத்தைவிட அதிகச் சூடு பூஞ்சைக்கு ஆகாது என்பதால், புண் உள்ள இடத்துக்கு மட்டும் அளவான சூடு கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதை மருத்துவர் சொல்லும் வெப்ப அளவில் மட்டும் செய்ய வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், கட்டுப்படாத இனிப்பு நீர் உள்ளவர்கள், நீண்ட காலம் குடித்தவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்கு இது நுரையீரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் பரவக்கூடும். அப்போது மருத்துவமனையில் சேர்த்து ஆம்ஃபோடெரிசின் பி என்ற மருந்தை நரம்பு வழியே செலுத்துவார்கள். இந்த நிலையில் உள்ளவர்கள், கட்டி சிறிதாக இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

பூனைக்கும் சிகிச்சை உண்டு

இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு ஸ்போரோ என்று தெரிந்ததும் பூனையைப் பெட்டியில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூனை அங்கே சண்டையிடும், இன்னும் பத்துப் பூனைக்குக் கொடுக்கும், அவை சந்தையில் வேலை செய்பவர்களைக் கீறும். நோயை நம் வீட்டு வாசலிலிருந்து இன்னொரு ஏழையின் வாசலுக்கு மாற்றுவதுதான் அது. வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் துரோகமும்கூட.

பூனையின் மூக்குத் தண்டு வீங்கிப் புண்ணாவது, காது நுனியிலும் பாதத்திலும் வாலடியிலும் ஆறாத குழிப்புண், இடைவிடாத தும்மல் ஆகியவை அடையாளங்கள். வெளியே சுற்றும், கருத்தடை செய்யாத ஆண் பூனைகளிடம்தான் இது அதிகம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. பூனையின் புண்ணில் பூஞ்சை நிறைய இருப்பதால், கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பூனைக்கும் இட்ராகோனசோல்தான், பல மாதம். புண் ஆறிய பிறகும் ஒரு மாதம். வாயைப் பிளந்து மாத்திரை திணிப்பதில்தான் கடிபடுவோம். கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை ஈரத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பூனையைத் தனி அறையிலோ பெரிய கூண்டிலோ வையுங்கள். புண்ணைத் தேய்த்துக் கழுவ வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். படுக்கைத் துணியை மாற்றும்போது நீளக்கை சட்டையும் முகக்கவசமும் அணியுங்கள், தும்மல் கண்ணில் படாமலிருக்கக் கண்ணாடியும்.

தரையையும் கூண்டையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற வெளுப்பானுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். காயும்வரை பூனையை அங்கே விட வேண்டாம். வெளுப்பானை வேறெந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள், நச்சு வாயு எழும். டெட்டால் வகைத் திரவங்கள் பூனைக்கு விஷம், அவற்றைத் தவிருங்கள்.

பூனை இறந்துவிட்டால் தோட்டத்தில் புதைக்க வேண்டாம். பூஞ்சை மறுபடியும் மண்ணுக்கே போய் அங்கேயே வாழும். கால்நடை மருத்துவமனை வழியாகத் தகனம் செய்யுங்கள்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. தெருவில் சோறு வைக்கும் நாம் செய்யக்கூடியதில் மிகப் பயனுள்ளது கருத்தடை. கருத்தடை செய்த பூனை குறைவாக அலையும், குறைவாகச் சண்டையிடும், அதனால் நோயும் குறைவாகப் பரவும். ஒரு மாடியில் நான்கு வீட்டார் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால் சுமை தெரியாது; எங்கள் மாடியில் மலாய்க்கார அக்காவும் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

செடியும் மண்ணும்

ரோஜாவையும் காகிதப்பூவையும் கத்தரிக்கும்போது துணிக் கையுறை போதாது, முள் ஊடுருவும்; முன்கை வரை மூடும் தடித்த தோல் கையுறை வாங்குங்கள். ஆர்கிட் பாசியையும் மக்கிய உரத்தையும் கையுறையோடு அள்ளுங்கள். தூசி கிளம்பாதபடி முதலில் தண்ணீர் தெளியுங்கள். செம்பனை மட்டையின் முள்ளோடு நாள் முழுதும் பழகும் தோட்டத் தொழிலாளர்கள் முழங்கால் உயரக் காலணியும் நீளக்கை சட்டையும் அணிவது நல்லது. கோயிலுக்குச் சரம் தொடுப்பவர்கள் ரோஜாக் காம்பின் முள்ளை விரலால் உருவாமல் கத்தியால் சீவலாம். கையில் ஏற்கெனவே வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிய பிறகே மண்ணைத் தொடுங்கள். வேலை முடிந்ததும் கையையும் முன்கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கீறல் ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் கைபேசியில் அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள்.